ஆடி பிறப்பதற்குள் ஒரு வீடு

ஜூன் 9, திங்கள்

வீட்டுக்காரர் தேவராஜ் இன்று சாயங்காலம் மாம்பழப் பையோடு மாடி ஏறி வந்தார். அவருடைய மாமரக் கிளை என் ஜன்னலில்தான் உரசுகிறது. இந்த மாடியில் நான் குடியிருக்கும் இத்தனை வருடத்தில் ஒரு பிஞ்சுகூட எனக்கு வந்ததில்லை. பையைப் பார்த்ததுமே ஏதோ விஷயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"உக்காருங்க குழந்தைவேலு" என்று என் நாற்காலியையே எனக்குக் காட்டினார்.

உட்கார்ந்தேன்.

"பையனுக்கு ஆவணியில கல்யாணம் வெச்சிருக்குதுங்க. வர்ற புள்ளைக்குத் தனியாப் பொழங்க மாடி வேணும்னு ஊட்ல சொல்றாங்க. ஆடியில யாரும் ஊடு மாத்த மாட்டாங்க, உங்களுக்கே தெரியும். அதனால ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரு ஊடு பாத்துக்குங்க. தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அவர் வீடு, அவர் பையன், அவர் மாடி. "சரிங்க" என்றேன். அவர் போனதும் ஒரு பழத்தை நறுக்கிப் பார்த்தேன். புளிப்பு.

பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் வந்த தேதியும் எழுதுகிற டைரி இது. இன்றைக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆள் இல்லை, அதனால் இதில் எழுதுகிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

பால் அரை லிட்டர். மீதி மாம்பழங்களைக் கம்பெனி வாட்ச்மேனுக்குக் கொடுத்தேன். அவரும் புளிப்பு என்றார்.

ஜூன் 14, சனி

வேலை முடிந்து பீளமேட்டிலிருந்து சிங்காநல்லூர் வரை தெருத் தெருவாக டு-லெட் போர்டு பார்த்துக்கொண்டு மொபெட்டை உருட்டினேன். பம்ப்செட் கம்பெனி ஸ்டோர்ஸில் எந்த நட்டு எந்த ரேக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். இந்த ஊரில் எனக்கு ஒரு ரேக் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

ஒரு வீட்டம்மா கேட் கம்பி வழியாகவே பேசினார்.

"எத்தனை பேருங்க?"

"நான் ஒருத்தன்தானுங்க."

"பேச்சிலருக்கு விடறதில்லீங்க."

எனக்கு ஐம்பத்தொரு வயது. முன்மண்டை வழுக்கை. மூட்டுக்குத் தைலம் தேய்க்கிறேன். பேச்சிலராம்! அந்த அம்மா பயப்படுகிற மாதிரி கும்மாளம் போட எனக்கும் ஆசைதான். ஒன்பது மணி அடித்தால் தூக்கம் வந்துவிடுகிறதே, என்ன செய்ய?

இன்னொருவர் வீட்டைத் திறந்து காட்டி, ஃபேன் போட்டுக் காட்டி, கடைசியில் "நீங்க என்ன ஆளுங்க?" என்றார். ஸ்டோர் கீப்பர் என்றேன். நான் அதைக் கேக்கலீங்க என்றார். அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்கும் தெரியும். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது ஆள், ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்றார். இரண்டு தங்கைகளைக் கட்டிக் கொடுத்தேன். அதற்குள் அம்மா படுத்துவிட்டார். அம்மா போனபின் திரும்பிப் பார்த்தால் எனக்குப் பெண் பார்க்கிற வயதும் போயிருந்தது. இதையெல்லாம் கேட் ஓரத்தில் நின்று ஒருவருக்குச் சொல்ல முடியுமா? "அமையலீங்க" என்றேன். அவரும் வீடு அமையாது என்று சொல்லிவிட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

பேக்கரிக்காரர் ஒரு புரோக்கர் நம்பர் கொடுத்தார். ஆம்பளை என்று நினைத்துப் போன் போட்டேன். "மரகதமணி பேசறனுங்க" என்றது குரல். கொஞ்ச நேரத்தில் பேக்கரிக்கே ஸ்கூட்டியில் வந்து நின்றார். நாற்பத்தைந்து இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றி டேபிள் மேல் வைத்தார். ஹெல்மெட்டுக்குள் ஒரு சாவிக்கொத்து கிடந்தது.

"சார், நேராக் கேக்கறனேன்னு கோவிச்சுக்காதீங்க. குடி, சீட்டு, சத்தமாப் பாட்டு, இதுல ஏதாச்சும் உண்டுங்களா?"

"இல்லீங்க."

"சமையல்?"

"நானேதானுங்க."

"என்ன சமைப்பீங்க?"

"ரசம். ஞாயித்துக்கெழமை வேற ரசம்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டு, "கெடைக்கும் சார். பேச்சிலர்னு சொன்னா கதவைச் சாத்துவாங்க, ஆளைப் பாத்தாத் தெறப்பாங்க. நானே கூட வர்றேன்" என்றார்.

ஆளைப் பார்த்தால் திறப்பார்களாம். வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன். நம்பிக்கை வரவில்லை.

ஜூன் 18, புதன்

கேஸ் வந்தது. சட்டைக்கு இஸ்திரி போடக் கொடுத்தேன். வீட்டுக்காரர்கள் முதலில் சட்டையைத்தான் பார்ப்பார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

காலையிலேயே மரகதமணியம்மா போன் செய்தார். ராமநாதபுரத்தில் ஒரு குடும்பத்துக்கு வீடு முடித்துக் கொடுத்திருக்கிறாராம், மாற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டு அப்படியே நமக்கு வீடு பார்க்கப் போகலாம் என்றார். போனேன். உள்ளே பால் காய்ச்சுகிற வாசனை வாசல் வரைக்கும் வந்தது. சாவியைக் கேட்டிலேயே புதிதாகக் குடிவந்தவரிடம் நீட்டிவிட்டு, வந்து ஸ்கூட்டி பக்கத்தில் நின்றுகொண்டார்.

"உள்ள போகலீங்களா?" என்றேன்.

"இங்க ஹெல்மெட்டைத் தூக்கீட்டுப் போயிருவாங்க சார்."

ஒரு சின்னப் பெண் தட்டில் பால் டம்ளர்களோடு வந்தது. நான் ஒன்று எடுத்துக்கொண்டேன். அது அந்தப் பக்கம் திரும்புவதற்குள் மரகதமணியம்மா ஹெல்மெட்டை மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். அவருக்குப் பால் பிடிக்காது போலிருக்கிறது.

பிறகு மூன்று வீடுகள் பார்த்தோம். அந்த அம்மா வீடு பார்க்கிற முறையே வேறு. போனதும் குழாயைத் திறப்பார். ஒவ்வொரு ஜன்னல் கொக்கியையும் போட்டுப் பார்ப்பார். கடைசியில் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். "இந்தச் செவுரு சுட்டா ராத்திரி தூக்கம் வராதுங்க" என்றார். மூன்று வீட்டிலும் சுட்டது. மூன்றாவது வீட்டுக்காரர் பேச்சிலர் என்றதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். மரகதமணியம்மா முந்திக்கொண்டு, "உங்க ஊட்டுச் செவுரு சுடுதுங்க, எங்க சாருக்கு ஆகாது" என்று சொல்லி என்னை வெளியே கூட்டிவந்துவிட்டார். மனசு குளிர்ந்தது.

வெயில் ஜாஸ்தி. இளநீர் வாங்கினேன். அவர் தன் கதையைச் சொன்னார். கணவர் லாரி டிரைவர், தவறி ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார். "மத்தவங்களுக்கு ஊடு பாத்துக் குடுக்கறதுல பொழுது போயிருதுங்க" என்றார்.

ஜூன் 26, வியாழன்

தேவராஜ் படியேறி வந்து "ஏதாச்சும் அமைஞ்சுதுங்களா?" என்றார். இந்த முறை கையில் பை இல்லை. பொள்ளாச்சியிலிருந்து தங்கை கலாவதி போன். "அண்ணா, பேசாம இங்க வந்துரு, மாடு கட்டற பக்கம் ஒரு ரூம் சும்மாதான் கெடக்குது" என்கிறாள். பாசம்தான். ஆனால் போனால் தினமும் கம்பெனிக்கு எப்படி வருவது? வேலையையும் விட்டுவிட்டு மாட்டுக்குத் துணைக்கு இருக்க வேண்டியதுதான்.

புதுச் சட்டை ஒன்று எடுத்தேன். நீலம்.

ஜூன் 29, ஞாயிறு

வீடு கிடைத்துவிட்டது. அதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது.

சௌரிபாளையத்தில் ஒரு மாடி. கீழே வீட்டுக்கார அம்மா ருக்மணியம்மாவும் அவர் கணவர் நஞ்சப்பனும் இருக்கிறார்கள். இருவருக்கும் வயதாகிவிட்டது. மரகதமணியம்மாவிடம் போனில் பேசியது ஓசூரில் இருக்கும் அவர்கள் மகன். அவன் அம்மாவிடம் "ரெண்டு பேர் வந்து பாப்பாங்க" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறான். நாங்கள் படியேறியதுமே அந்த அம்மா, "வாங்கோ வாங்கோ. அம்மிணி, நீ மொதல்ல சமையக்கட்டைப் பாரு, பொழங்கப் போறவ நீதான்" என்றார்.

மரகதமணியம்மா திகைத்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"கீழ நாங்க ரெண்டு, மேல நீங்க ரெண்டு. கணக்காப் போச்சு" என்று ருக்மணியம்மா சிரித்தார்.

சொல்லிவிட வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியே நல்ல காற்று வந்தது. குழாயில் தண்ணீர் கொட்டியது. வாயை மூடிக்கொண்டேன். மரகதமணியம்மா மேற்குச் சுவரில் கை வைத்து, "காலையில பாத்துச் சொல்ல முடியாதுங்க. ஒருக்கா மத்தியானமா வந்து பாக்கோணும்" என்றார். வழக்கமாக வாக்கியத்துக்கு வாக்கியம் வரும் 'சார்' இன்றைக்கு வரவில்லை, மறந்துவிட்டார்.

கிளம்பும்போது ருக்மணியம்மா குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து மரகதமணியம்மா முன்னால் நீட்டினார். அவர் கை உடனே எழவில்லை. பிறகு விரல் நுனியில் கொஞ்சம் எடுத்தார். நெற்றிக்குக் கொண்டுபோகாமல் அப்படியே படியிறங்கி வந்தார்.

பேக்கரிக்குப் போனோம். எனக்கு வீடு கிடைத்த சந்தோஷம். தேங்காய் பன் சொன்னேன். அவர் தொடவே இல்லை.

"நீங்க ஏனுங்க ஒண்ணும் சொல்லாம நின்னீங்க?"

"நீங்களும் சொல்லலீங்களே."

"அந்தம்மா சிமிழை நீட்டுனப்ப எனக்கு நாக்கு எழுகலீங்க. எனக்கு யாரு நீட்டறாங்க இப்பெல்லாம்?" அந்த விரலை இன்னும் மடக்கியே வைத்திருந்தார். பிறகு பேப்பரில் துடைத்து, அந்தப் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தார். "நான் பண்ணுனதும் தப்புத்தானுங்க. ஆனா பொய் சொல்லிக் குடிபோன ஊட்ல எப்படீங்க கண்ணசர முடியும்? எத்தனை நாளைக்கு நான் ஊருக்குப் போயிருக்கறேன்னு சொல்லுவீங்க? போயி நெசத்தைச் சொல்லிப்போடுங்க."

"சொன்னா வீடு போயிருமுங்க."

"போனா வேற பாக்கலாம். நான் எதுக்கு இருக்கறேன்?"

ஜூலை 1, செவ்வாய்

கம்பெனியில் ஸ்டாக் எடுக்கிறார்கள். சௌரிபாளையம் போக நேரமில்லை.

ஜூலை 3, வியாழன்

மழைத் தூறல். போகவில்லை.

ஜூலை 4, வெள்ளி

தூறல் இல்லை. போகவில்லை. மரகதமணியம்மாவும் போன் செய்யவில்லை. டைரியில் எழுத ஒன்றுமில்லை. பால் அரை லிட்டர்.

ஜூலை 5, சனி

வேலை விட்டு வந்தால் என் ஹாலில் பெயிண்டர் நிற்கிறார். தேவராஜ் சுவரைக் காட்டி என்ன கலர் என்று பேசிக்கொண்டிருக்கிறார். நான் இருக்கும்போதே! எனக்கு வந்த கோபத்தில் "வெள்ளையே அடிங்க, அதுலதான் அழுக்குத் தெரியும்" என்றேன். பெயிண்டர் அதையும் குறித்துக்கொண்டார்.

ராத்திரி ரசத்தில் உப்பில்லை. மரகதமணியம்மா சொன்னது சரி, எனக்கு இந்த வீட்டிலேயே தூக்கம் வரவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

போனேன். சொல்லிவிட்டேன்.

நஞ்சப்பன் கோவிலுக்குப் போயிருந்தார். ருக்மணியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். நான் தனி ஆள், கல்யாணம் ஆகவில்லை, கூட வந்தவர் வீட்டு புரோக்கர், அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், வீட்டு ஆசையில் சொல்லாமல் விட்டேன்.

என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, "அந்த அம்மிணிக்கு ஊட்டுக்காரரு?" என்றார்.

"தவறிட்டாருங்க."

"அடக் கெரகமே. நான் குங்குமத்தை நீட்டுனனே. அந்தப் புள்ளை மனசு என்ன பாடுபட்டுதோ." முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயமாகவும் இருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களை நான் என்னன்னு சொல்றது? அவரு வரட்டும். கலந்துக்கிட்டுச் சொல்றோம்."

கலந்துகொண்டு சொல்கிறோம் என்றால் இல்லை என்று அர்த்தம். இந்த ஒரு மாதத்தில் எனக்கு அது நன்றாகப் பழகிவிட்டது. மரகதமணியம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டார். பிறகு, "நல்லதாப் போச்சுங்க. நாளையிலிருந்து வேற ஊடு பாப்போம்" என்றார். வீடு போய்விட்டது. ஆனாலும் வரும் வழியில் மொபெட்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

வரதராஜபுரத்தில் ஒற்றை ரூம் ஒன்று. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குளியலறை. மரகதமணி கொக்கியைக் கூடப் போட்டுப் பார்க்கவில்லை. கலாவதிக்குப் போன் செய்து அந்த மாட்டுப்பக்க ரூமைப் பெருக்கி வைக்கச் சொன்னேன்.

ஜூலை 10, வியாழன்

மத்தியானம் ஸ்டோர்ஸில் வால்வு எண்ணிக்கொண்டிருக்கும்போது போன். நஞ்சப்பன். எண்ணிக்கை விட்டுப்போனது.

"தம்பி, எங்க ஊட்லயும் நானும் ரெண்டு மூணு நாளாப் பேசினோம். பொய்யச் சொல்லியே வந்து உக்காந்திருந்தீங்கன்னா நாங்க என்ன கண்டோம்? தேடி வந்து நெசத்தைச் சொன்னீங்க பாருங்க. அப்படி ஆளு ஒருத்தரா இருந்தா என்ன, ஒம்பது பேரா இருந்தா என்ன. ஊடு உங்களுக்குத்தான்."

கையிலிருந்த வால்வைக் கீழே வைத்தேன். வாட்ச்மேன் எதிரே நின்று என்ன என்ன என்று கை காட்டினார்.

"திங்கக்கெழமை வெள்ளென வந்து பாலைக் காய்ச்சிப்போடுங்க. ஆனியே ஆகாதும்பாங்க செலபேரு, ஆடி யாருக்கும் ஆகாது. ஒண்ணு தம்பி, அடுப்புல பால் வெக்க ஒரு பொம்பளையாளு வேணும்னு ஊட்ல சொல்றாங்க. அக்கா தங்கச்சி யாராச்சும் இருந்தாக் கூட்டியாங்க."

முதலில் மரகதமணிக்குத்தான் சொன்னேன். பிறகுதான் கலாவதிக்கு.

ஜூலை 13, ஞாயிறு

மூட்டை கட்டி முடித்தாயிற்று. கலாவதி ஒரு நாள் முன்னதாகவே பொள்ளாச்சியிலிருந்து வந்துவிட்டாள். "ஏண்ணா, போன்ல மூச்சுக்கு மூச்சு மரகதமணிங்கற, யாரது?" என்றாள். புரோக்கர் என்றேன். அவள் பாத்திரத்தைச் செய்தித்தாளில் சுற்றினாள். கீழே தேவராஜ் ஒரு பை மாம்பழம் கொடுத்துவிட்டார். பழம் இந்த முறை இனித்தது. மனிதரை என்ன சொல்வது?

ஜூலை 14, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

விடியும்போதே போய்விட்டோம். ருக்மணியம்மா மாடிப்படியில் கோலம் போட்டு வைத்திருந்தார். அடுப்பைத் துடைத்துச் சந்தனம் வைத்தோம். கலாவதி புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "யாராச்சும் வரணுமாண்ணா?" என்றாள்.

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். மரகதமணி வந்திருந்தார். கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டி பக்கத்தில் நின்று ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராமநாதபுரத்தில் நின்ற அதே மாதிரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை வீடுகளுக்குச் சாவி வாங்கிக் கொடுத்தவர். எல்லா வீட்டிலும் பால் பொங்கும்போது அவர் கேட்டுக்கு வெளியேதான் நின்றிருக்கிறார். யாரும் போகச் சொல்லியிருக்க மாட்டார்கள். வரச் சொல்லியும் இருக்க மாட்டார்கள். நான் அவர் பக்கத்திலேயே நின்று டம்ளர் பாலைக் குடித்துவிட்டு வந்து, அவருக்குப் பால் பிடிக்காது என்று டைரியில் எழுதியிருக்கிறேன். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

இறங்கிப் போனேன்.

"மேல வாங்க."

"நீங்க காய்ச்சுங்க, நான் இருக்கறேன். இங்க ஹெல்மெட்..."

"ஹெல்மெட்டை எவன் வேணாலும் கொண்டுபோகட்டும். பால நீங்கதான் காய்ச்சணும்."

அவர் முகம் மாறிப்போனது. "வெளையாடாதீங்க. தங்கச்சி வந்திருக்காங்க. அந்தம்மா என்ன நெனைப்பாங்க? நல்ல நாளும் அதுவுமா... கைக்கு வந்த ஊட்டைக் கெடுத்துக்காதீங்க."

"எனக்கு இந்த வீடு நீங்க பாத்துக் குடுத்தது. நீங்க வெளிய நிக்கிற வீட்டுல நான் எப்படி இருக்கறது? அப்படின்னா எனக்கு இந்த வீடே வேண்டாமுங்க."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. மேலே கலாவதி பால் பாத்திரத்தோடு ஜன்னலுக்கு வந்துவிட்டாள். கீழே திண்ணையில் நஞ்சப்பன் பேப்பரை மடித்தார். அவர் பக்கத்தில் இருந்த ருக்மணியம்மா எழுந்து வீட்டுக்குள் போனார். போச்சு, இன்றைக்கு ராத்திரி பொள்ளாச்சிதான் என்று நினைத்துக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்கத் தோன்றவில்லை.

ருக்மணியம்மா வெளியே வந்தார். கையில் அந்தக் குங்குமச் சிமிழ். என்னை அவர் பார்க்கவே இல்லை. நேராகக் கேட்டைத் தாண்டிப் போய் மரகதமணி முன்னால் சிமிழை நீட்டினார்.

"அன்னைக்குத் தெரியாமக் குடுத்தேன் அம்மிணி. இன்னைக்குத் தெரிஞ்சு குடுக்கறேன். வெச்சுக்கிட்டு மேல வா, நேரமாவுது."

மரகதமணி அழுதார். அழுதுகொண்டே எடுத்து நெற்றியில் வைத்தார். கொஞ்சம் மூக்கில் கொட்டியது. ருக்மணியம்மாதான் ஊதிவிட்டார். மாடியில் கலாவதி மறுபேச்சில்லாமல் பாத்திரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். சின்ன வயதில் என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கும்போது சிரிக்கிற சிரிப்பு.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நஞ்சப்பன் கை தட்டினார். எல்லாருக்கும் ஊற்றியபின் மரகதமணிக்கு நான் ஒரு டம்ளர் கொடுத்தேன். குடித்து முடித்து, கேட்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்து, இன்னும் இருக்குதுங்களா என்றார். கொடுத்தேன்.

அவருக்குப் பால் பிடிக்கும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு யாரும் வீடு மாற மாட்டார்கள், மரகதமணிக்கு வேலை இருக்காது. சாயங்காலம் போன் செய்தார். "ஏனுங்க, மேக்குச் செவுரு மத்தியானத்துல சுடுதான்னு பாக்கவே இல்லீங்களே. ஞாயித்துக்கெழமை வந்து பாக்கட்டுங்களா?" என்றார்.

மூன்று நாளாக இங்கே வெயிலே இல்லை. மேகம் மூடி ஊரே குளுகுளுவென்று இருக்கிறது, அவர் இருக்கும் பக்கமும் அப்படித்தான் இருக்கும். "கட்டாயம் பாக்கணுமுங்க, வாங்க" என்றேன்.

ஞாயிறு ஒரு லிட்டர் பாலாகப் போடச் சொல்லிவிட்டேன்.